ஆயிரத்துக்கு மூன்று: ஒரு கமிஷனின் கதை

காமர்ஸ் படிக்கிறவன் கோட் பற்றி ஏன் எழுதுகிறான் என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மேலே பார்த்தால் இது கோட் பற்றிய பதிவு மாதிரி இருக்கும். உண்மையில் இது கணக்குப் பதிவியல் பற்றியது. ஒரு கடையில் வசூலாகும் கமிஷனை எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில், எந்த நேரத்தில் எழுதுவது? இந்த ஒரு கேள்விக்கு ஆறேகால் வருடத்தில் நான்கு விதமாகப் பதில் எழுதிய ஒரு மென்பொருளின் வரலாறுதான் இது. நடுவில் அதைக் காப்பியடித்த ஒரு கடை ஒரு எண்ணை மாற்றி இன்னொரு எண்ணை மாற்ற மறந்ததால் 5 கோடி டாலர் காணாமல் போன கதையும் வருகிறது.

கிரிப்டோவில் பணம் போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ சொல்ல வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் :-)

யூனிஸ்வாப் என்பது ஒரு கிரிப்டோ நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்ளும் இடம். எதீரியம் என்ற பொதுக் கணினி வலையமைப்பின் மேல் ஓடுகிற ப்ரோகிராம். இதில் வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு பேரைச் சேர்த்துவைக்கும் தரகர் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு குளம், அவர்கள் பாஷையில் பூல். சிலர் தங்கள் பணத்தை அதில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் ஈத்தர், இன்னொரு பக்கம் டாய் என்ற டாலர் நாணயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையை யாரும் சொல்வதில்லை. இரண்டு பக்க இருப்பையும் பெருக்கினால் வரும் தொகை குறையக்கூடாது என்ற ஒரே விதிதான் விலையைத் தீர்மானிக்கிறது.

இதை எழுதியவர் ஹேடன் ஆடம்ஸ் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர். 2017 ஜூலையில் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்த வேலை போனது. நண்பர் கார்ல் ஃப்ளோர்ஷ், எதீரியம் கற்றுக்கொள் என்று தூண்டிவிட்டார். எதீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் 2016-இல் எழுதிய ஒரு குறிப்பில் இந்தக் குளம் யோசனை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ப்ரோகிராமிங் கற்றுக்கொண்டே ஆடம்ஸ் எழுதியதுதான் யூனிஸ்வாப். 2018 நவம்பர் 2-ஆம் தேதி வெளியானது.

சரி, கமிஷனுக்கு வருவோம். பணத்தைக் குளத்தில் போட்டவருக்கு என்ன லாபம்? ஒவ்வொரு மாற்றத்திலும் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று.

முதல் பதிப்பில் இதை எழுதியிருந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதீரியத்தில் தசமப் புள்ளி வைத்த கணக்கு கிடையாது, எல்லாம் முழு எண்தான். அதனால் 0.997-ஆல் பெருக்க முடியாது. உள்ளே வரும் தொகையை 997-ஆல் பெருக்கு, குளத்தின் இருப்பை 1000-ஆல் பெருக்கு, அதற்கப்புறம் வகு. இவ்வளவுதான் மொத்தக் கமிஷன் இலாகாவும். தனியாக ஒரு கமிஷன் கணக்கு இல்லை, கமிஷன் பெட்டி இல்லை, யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலும் இல்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். குளத்தில் 10 ஈத்தர், 20,000 டாய். பெருக்கற்பலன் 2,00,000. நான் 1 ஈத்தர் கொடுக்கிறேன். கமிஷன் இல்லையென்றால் எனக்கு 1,818.18 டாய் கிடைக்க வேண்டும். ஆனால் ப்ரோகிராம் என் 1 ஈத்தரை 0.997 ஈத்தர் என்று பாவித்துத்தான் கணக்குப் போடும். அதனால் கிடைப்பது 1,813.22. என் முழு 1 ஈத்தரும் குளத்துக்குள் போய்விட்டது, வெளியே வந்ததோ கொஞ்சம் குறைவு. இப்போது குளத்தில் 11 ஈத்தர், 18,186.78 டாய். பெருக்கிப் பாருங்கள், 2,00,054 சொச்சம். அந்த 54 சொச்சம்தான் கமிஷன். அது எங்கும் எழுதப்படவில்லை, குளமே கொஞ்சம் பருத்திருக்கிறது. பணம் போட்டவர் தன் பங்கைத் திருப்பி எடுக்கும்போது பருத்த குளத்தில் பங்கு கிடைக்கும்.

ப்ளஸ் டூவில் கூட்டாண்மைக் கணக்குப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மாறுபடும் முதல் முறை! லாபம், வட்டி, எடுப்பு எல்லாம் ஒரே முதல் கணக்கில் போய் விழும். தனியாக நடப்புக் கணக்கு கிடையாது. சுலபம், ஏடு குறைவு. ஆனால் ஒரு கூட்டாளியின் முதல் எவ்வளவு, சம்பாத்தியம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இந்தக் குறை இரண்டரை வருடம் கழித்துப் பெரிய விஷயமாக வரப்போகிறது.

இன்னொரு சின்ன விஷயம். "எனக்குச் சரியாக இத்தனை டாய் வேண்டும், எவ்வளவு ஈத்தர் கொடுக்க வேண்டும்" என்று தலைகீழாகக் கேட்கும் வழியும் முதல் பதிப்பில் உண்டு. அந்தக் கணக்கின் கடைசியில் விடையோடு 1 கூட்டியிருப்பார்கள். வகுக்கும்போது மீதி உதிர்ந்துவிடுமே, அந்தத் துளி நஷ்டம் குளத்துக்கு வரக்கூடாது, வாடிக்கையாளருக்கே போகட்டும் என்று. காய்கறிக் கடையில் சில்லறை இல்லை என்று ஐம்பது பைசாவை விழுங்குவார்களே, அதே தர்மம். ஆனால் இங்கே அந்த ஒன்று இல்லாவிட்டால், துளித் துளியாகக் குளத்தை உறிஞ்ச ஒரு ஆள் கட்டாயம் வருவான்.

முதல் பதிப்பின் குறை என்னவென்றால் எல்லாக் குளத்திலும் ஒரு பக்கம் ஈத்தர் இருந்தே ஆக வேண்டும். டாய் கொடுத்து வேறு டோக்கன் வாங்க வேண்டுமானால் முதலில் ஈத்தர், அப்புறம் டோக்கன். இரண்டு கடை, இரண்டு கமிஷன். கிட்டத்தட்ட 0.6 சதவீதம் போய்விடும்.

2020 மே மாதம் இரண்டாம் பதிப்பு வந்தது. எந்த இரண்டு டோக்கனுக்கும் நேரடிக் குளம் வைக்கலாம் என்பதுதான் வெளியே பேசப்பட்ட செய்தி. என்னைக் கேட்டால் உள்ளே நடந்த கட்டமைப்பு மாற்றம்தான் பெரிய செய்தி.

இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதீரியத்தில் இந்த மாதிரி ப்ரோகிராமை ஒருமுறை ஏற்றிவிட்டால் ஏற்றியதுதான். யூனிஸ்வாப் குளங்களின் கோடை எழுதியவரே கூடத் திருத்த முடியாது. நம் ஃபோனில் ஆப் அப்டேட் ஆகிற மாதிரி எதுவும் ஆகாது. கோடை ஒழுங்குபடுத்தி எழுத வேண்டும் என்றால் பக்கத்தில் புதுக் கடை திறந்து, ஜனங்களே தங்கள் பணத்தைத் தூக்கிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய கடையும் திறந்தேதான் இருக்கும்.

அதனால் இரண்டாம் பதிப்பில் வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பணம் இருக்கும் குளம் தனி, விலை கணக்குப் போட்டுச் சொல்லும் ரௌட்டர் தனி. 997 என்ற எண் ரௌட்டர் பக்கத்துக் கணக்கு நூலகத்துக்குப் போய்விட்டது. குளம் இப்போது விலையே கணக்கிடுவதில்லை! கேட்டவர் கேட்ட தொகையை முதலில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் தன் கல்லாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறது. இப்போதுள்ள இருப்பை 1000-ஆல் பெருக்கி, உள்ளே வந்த தொகையை 3-ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் இப்படிச் செய்து பெருக்கினால், பழைய இருப்புகளின் பெருக்கற்பலனை ஆயிரத்தின் வர்க்கத்தால் பெருக்கிய தொகைக்குக் குறையாமல் வர வேண்டும். வரவில்லையா, நடந்த மொத்தமும் நடக்காத மாதிரி ரத்து. அப்போது வரும் பிழைச் செய்தியில் யூனிஸ்வாப் பெயருக்குப் பின்னால் இருப்பது 'கே' என்ற ஒரே எழுத்து.

யோசித்துப் பாருங்கள், கமிஷன் ஒரு கணக்கீடாக இருந்தது போய் ஒரு தணிக்கையாக மாறிவிட்டது. கணக்குப்பிள்ளை வெளியே உட்கார்ந்திருக்கிறார், ஆடிட்டர் மட்டும் பெட்டகத்துக்குள். வெளியே இருப்பவர் தப்பாகக் கணக்குப் போட்டாலும் பெட்டகத்துக்கு நஷ்டமில்லை.

இதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. முதல் ரௌட்டரில் ஒரு சின்னப் பிழை இருந்தது. 'எவ்வளவு கொடுக்க வேண்டும்' என்று கேட்டால் 'எவ்வளவு கிடைக்கும்' என்ற கணக்கைக் கூப்பிட்டுவிட்டது. கைமாறும்போது தானே ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும் டோக்கன்களோடும் அதன் சில வழிகள் ஒத்துப்போகவில்லை. ரௌட்டர் இரண்டு என்று புதிதாக எழுதி வைத்தார்கள். குளத்தில் இருந்த ஒரு பைசாகூட இடம் மாற வேண்டியிருக்கவில்லை.

தணிக்கை கடைசியில்தான் என்பதால் இன்னொரு வசதியும் வந்தது. குளத்தில் இருந்து பணத்தை முதலில் எடுத்துக்கொள், எதை வேண்டுமானாலும் செய், அதே பரிவர்த்தனை முடிவதற்குள் கமிஷனோடு திருப்பி வை. ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. எடுத்ததையே திருப்பி வைத்தால் செலவு 0.3 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை கூடுதல், ஏனென்றால் கமிஷன் உள்ளே வரும் தொகையின் மேல்.

இதே பதிப்பில்தான் அந்தப் பிரபலமான ஸ்விட்ச் வந்தது. கமிஷனில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.30-இல் 0.05, பணம் போட்டவர்களுக்குப் போகாமல் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போகும்படி செய்யலாம். வெளியீட்டின்போது அந்த முகவரி பூஜ்யம். பூஜ்யம் என்றால் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை எழுதிய விதத்தை ஒரு காமர்ஸ் மாணவனாக நான் ரசித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு வியாபாரத்திலும் 0.05-ஐப் பிரித்து வைத்தால் ஒவ்வொருவருக்கும் கூடுதல் செலவு, எதீரியத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் காசு. அதனால் யாராவது பணம் போடும்போதோ எடுக்கும்போதோ மட்டும் பார்க்கிறார்கள். போன தடவை பெருக்கற்பலனின் வர்க்கமூலம் எவ்வளவு, இப்போது எவ்வளவு? வளர்ச்சியில் ஆறில் ஒரு பங்குக்குச் சமமாகப் புதிய பங்குகளை அச்சடித்து அந்த முகவரிக்குக் கொடுத்துவிடு. ரொக்கம் எதுவும் கைமாறவில்லை, மற்றவர்களின் பங்கு லேசாக நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். வர்க்கமூலம் எதற்கு என்றால், குளம் இரண்டு மடங்கானால் பெருக்கற்பலன் நான்கு மடங்காகும். வர்க்கமூலம் எடுத்தால்தான் உண்மையான வளர்ச்சி தெரியும்.

இன்னொரு நேர்த்தியும் உண்டு. ஸ்விட்ச் அணைந்திருக்கும் காலத்தில் 'போன தடவை எவ்வளவு' என்ற இடத்தில் பூஜ்யமே இருக்கும். பிற்பாடு ஸ்விட்சைப் போட்டால் அன்றிலிருந்துதான் அளவு ஆரம்பம். பின்தேதியிட்டு வரி போட வழியே இல்லை. அரசாங்கங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், ஹி ஹி.

ஸ்விட்சை முதலில் போட்டது யூனிஸ்வாப் அல்ல, அதன் நகல். 2020 ஆகஸ்ட் கடைசியில் ஷெஃப் நோமி என்ற புனைபெயரில் யாரோ சுஷிஸ்வாப் என்ற கடையைத் தொடங்கினார். அதே கோட். முக்கிய வித்தியாசம், முகவரி பூஜ்யம் அல்ல. 0.25 பணம் போட்டவருக்கு, 0.05 சுஷி டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு. யூனிஸ்வாப் குளங்களில் இருந்த பணத்தை இந்தப் பக்கம் இழுத்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் நோமி தன் கையில் இருந்த டோக்கன்களைச் சுமார் 1.4 கோடி டாலருக்கு விற்றார், ஊரே திட்டியது, சில நாளில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதே மாதம் யூனிஸ்வாப் தன் சொந்த டோக்கனான யூனியை வெளியிட்டது. ஒருமுறையாவது அங்கே மாற்றியிருந்த ஒவ்வொரு முகவரிக்கும் 400 யூனி இலவசம். ஸ்விட்சின் சாவி யூனி வைத்திருப்பவர்களின் ஓட்டுக்குப் போனது. அவர்கள் போடவில்லை. பணம் போட்டவர்கள் வேறு கடைக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று, லாபம் வந்தால் அமெரிக்கச் சட்டம் யூனியைப் பங்குப் பத்திரம் என்று சொல்லிவிடுமோ என்ற பயம் இன்னொன்று.

இப்போது அந்த 5 கோடி டாலர்.

திறந்த மூலம் என்பதால் இரண்டாம் பதிப்பை நகலெடுக்காத ஆளே இல்லை. நகலெடுத்தவர் முதலில் மாற்ற நினைப்பது கமிஷன் விகிதத்தைத்தான். ஆனால் அந்த விகிதம் இப்போது ஒரே இடத்தில் இல்லை. ரௌட்டர் பக்கம் 997-உம் 1000-உம். குளத்தின் தணிக்கையில் 1000, 3, அப்புறம் ஆயிரத்தின் வர்க்கம். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். யூனிஸ்வாப் கோடில் இவை பெயரிட்ட ஒரு மாறிலியாக இல்லாமல் வெறும் எண்களாகவே அங்கங்கே எழுதப்பட்டிருந்தன. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, மாற்றப்போவதே இல்லாத எண்ணுக்கு எதற்குப் பெயர்?

யுரேனியம் ஃபைனான்ஸ் என்ற கடை பைனான்ஸ் ஸ்மார்ட் செயினில் நடந்தது. அவர்கள் வைத்த கமிஷன் 0.16 சதவீதம். ஆயிரத்துக்கு இத்தனை என்று முழு எண்ணில் சொல்ல முடியாது, ஆகவே பத்தாயிரத்துக்கு 16. தணிக்கையில் 1000-ஐ 10,000 ஆக்கினார்கள், 3-ஐ 16 ஆக்கினார்கள். அந்த வரி சரி. அடுத்த வரியில் ஆயிரத்தின் வர்க்கம் ஆயிரத்தின் வர்க்கமாகவே இருந்துவிட்டது.

இடது பக்கம் பத்தாயிரத்தின் வர்க்கம், 10 கோடி மடங்கு. வலது பக்கம் ஆயிரத்தின் வர்க்கம், 10 லட்சம் மடங்கு. தராசின் ஒரு தட்டில் நூறு மடங்கு கள்ள எடை. குளத்தில் இருக்க வேண்டிய பெருக்கற்பலனில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே ஆடிட்டர் "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போடுவார். அப்படியென்றால் இரண்டு பக்கத்திலும் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொண்டு போகலாம். பத்தில் ஒன்று, பத்தில் ஒன்று, பெருக்கினால் நூறில் ஒன்று. உள்ளே ஒரு டோக்கனின் மிகச் சிறிய துகளைப் போட்டால் போதும்.

2021 ஏப்ரல் 28-ஆம் தேதி அதுதான் நடந்தது. கடை அடுத்த பதிப்புக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். குளம் குளமாகக் காலி செய்து சுமார் 5 கோடி டாலர் எடுத்தார்கள். எந்தக் கடவுச்சொல்லும் திருடப்படவில்லை, எந்தக் கதவும் உடைக்கப்படவில்லை. சாதாரணமாக மாற்று வழியில் போய்க் கேட்டார்கள், ப்ரோகிராம் எடுத்துக் கொடுத்தது. கோட் எல்லாருக்கும் தெரியும்படி வெளியேதான் இருந்தது. நான் அந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு பூஜ்யம் குறைவு. லெட்ஜரில் டோட்டல் போடும்போது நம் புரொஃபசர் சிவப்பு மையால் வட்டமிடுவாரே, அந்த மாதிரி.

2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் இதில் தொடர்புடைய சுமார் 3.1 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவைக் கைப்பற்றியதாக அறிவித்தார்கள். கிட்டத்தட்ட நான்கு வருடம் கழித்து. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் அந்த நான்கு வருடம் என்ன செய்தார்கள் என்பது எந்தக் கோடிலும் இல்லை.

யுரேனியம் விழுந்து ஒரு வாரத்தில், 2021 மே 5-ஆம் தேதி, யூனிஸ்வாப் மூன்றாம் பதிப்பு வந்தது. இங்கே கமிஷன் ஏடு முழுசாக மாறிவிட்டது. பணம் போடுகிறவர் "இந்த விலையில் இருந்து இந்த விலை வரைக்கும்தான் என் பணம் வேலை செய்யும்" என்று எல்லை வைக்கலாம். ஆளுக்கு ஒரு எல்லை. அப்படியானால் கமிஷனைக் குளத்திலேயே கொட்டிக் கலக்க முடியாது. யாருடைய எல்லைக்குள் நடந்த வியாபாரமோ அவருக்குத்தான் அது சேர வேண்டும். மாறுபடும் முதல் முறையில் இருந்து நிலைமுதல் முறைக்கு மாறினார்கள். முதல் அப்படியே இருக்கும், கமிஷன் நடப்புக் கணக்கில் தனியாகச் சேரும், வேண்டும்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்.

விகிதமும் ஒன்றல்ல. 0.05, 0.30, 1 என்று மூன்று வகைக் குளங்கள். டாலர் நாணயங்களுக்குள் மாற்ற 0.05-ஏ அதிகம் என்று 2021 நவம்பரில் ஓட்டெடுத்து 0.01-ஐயும் சேர்த்தார்கள்.

ஆயிரக்கணக்கானவர்களின் நடப்புக் கணக்கை ஒவ்வொரு வியாபாரத்திலும் திருத்தினால் கட்டுப்படியாகாது அல்லவா? அதற்கு ஒரு மின்சார மீட்டர் வைத்தார்கள். குளம் முழுவதற்கும் ஒரே மீட்டர். ஒரு யூனிட் பணத்துக்கு ஆரம்பத்தில் இருந்து இதுவரை எவ்வளவு கமிஷன் சேர்ந்திருக்கிறது என்று அது காட்டும். நீங்கள் வந்த அன்று ரீடிங், போகும் அன்று ரீடிங், வித்தியாசத்தை உங்கள் யூனிட்டால் பெருக்கினால் உங்கள் பங்கு. எல்லைக்குள் இருந்த நேரத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் 'எனக்கு அந்தப் பக்கம் சேர்ந்தது' என்று ஒரு ரீடிங் இருக்கும். விலை அந்தக் கல்லைத் தாண்டும்போது மொத்த ரீடிங்கில் இருந்து இதைக் கழித்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு கழித்தல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, ஆனால் புரிந்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போல் இருந்தது.

மீட்டர் என்றால் ஒருநாள் எண் தீர்ந்து 00000-க்குத் திரும்பும். இங்கேயும் அதை வேண்டுமென்றே அனுமதித்திருக்கிறார்கள். வித்தியாசம்தானே வேண்டும், சுற்றிவந்தாலும் வித்தியாசம் சரியாகவே வரும். ஆனால் 2020 டிசம்பரில் வந்த சாலிடிட்டி மொழியின் 0.8 பதிப்பு, எண் அளவு மீறினால் தானாகவே நிறுத்திவிடும். பழைய கோடைப் புது மொழிப் பதிப்புக்கு மாற்றுகிறவர் 'இங்கே மட்டும் சோதிக்காதே' என்று குறிப்பு வைக்க மறந்தால், பணம் போட்டவர் தன் பணத்தை எடுக்கவே முடியாமல் போகலாம். பாதுகாப்பான மொழிக்கு மாறியதால் வரும் ஆபத்து!

தனிக் கணக்கில் கமிஷன் தூங்குவது பிடிக்காதவர்களும் இருந்தார்கள். கைபர்ஸ்வாப் அதில் ஒன்று. அவர்களின் எலாஸ்டிக் என்ற அமைப்பில் மூன்றாம் பதிப்பு மாதிரியே எல்லைகள் உண்டு, கூடவே கமிஷன் தானாகக் குளத்தில் மறுமுதலீடு ஆகும். இரண்டு முறையையும் கலந்தார்கள் என்று சொல்லலாம். மறுமுதலீடு ஆன கமிஷனையும் சேர்த்துத்தான் 'விலை எல்லைக் கல்லைத் தொட எவ்வளவு பணம் வேண்டும்' என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில் முழு எண்ணாக்கும்போது ஒரு துளி பிசகு. 2023 நவம்பர் 22-இல் ஒருவர் அந்தத் துளிக்கு மிகச் சரியாகக் குறிவைத்துத் தொகையை அனுப்பினார். விலை கல்லைத் தாண்டிவிட்டது, ஆனால் 'தாண்டவில்லை' என்று ப்ரோகிராம் நினைத்தது. அதனால் அந்த எல்லையில் முடிய வேண்டிய பணத்தைக் கணக்கில் இருந்து கழிக்கவில்லை. திரும்பி வரும்போது அதே பணத்தை மறுபடியும் கூட்டியது. இல்லாத பணம் இருப்பதாக ஏட்டில் ஏறியது. சுமார் 4.8 கோடி டாலர் போனது. எடுத்தவர் அதோடு விடவில்லை, நிறுவனத்தின் முழு நிர்வாகத்தையும் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினார்! 2025 பிப்ரவரியில் கனடாவைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவர் மேல் அமெரிக்காவில் குற்றச்சாட்டு பதிவானது. நம் வயது. அந்தக் கணக்கை அப்படிப் புரிந்துகொள்ளும் மூளைக்கு எந்தக் கம்பெனியும் சம்பளம் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

யூனிஸ்வாப் பக்கம் திரும்பினால், 2023 அக்டோபரில் ஒரு வேடிக்கை. யூனிஸ்வாப் லேப்ஸ் நிறுவனம் தன் இணையதளம், வாலட் வழியாக மாற்றுகிறவர்களிடம் சில டோக்கன்களுக்கு 0.15 சதவீதம் தனியாக வசூலிக்க ஆரம்பித்தது, 2024 ஏப்ரலில் அது 0.25 ஆனது. குளத்தின் கோடைத் தொட முடியாது, அதனால் கடையின் வாசலில் வசூல். கோயிலுக்குள் இலவசம், செருப்பு விட காசு. வேறு வாசல் வழியாக அதே குளத்துக்குப் போனால் அந்தக் காசு இல்லை. இந்தப் பணம் நிறுவனத்துக்கு, யூனி வைத்திருப்பவர்களுக்கு அல்ல. ஸ்விட்சின் சாவியை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக விவாதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நான்காம் பதிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி. எல்லாக் குளமும் ஒரே ப்ரோகிராமுக்குள். மீட்டர் முறை அப்படியே. விகிதத்தை மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதிச் சொருகும் 'ஹுக்' என்ற துணை ப்ரோகிராம் தீர்மானிக்கலாம், வியாபாரத்துக்கு வியாபாரம் மாற்றவும் செய்யலாம். கமிஷன் எவ்வளவு என்ற கேள்வியை யூனிஸ்வாப் தன் தோளில் இருந்து இறக்கி வெளியே வைத்துவிட்டது. ஹுக் எழுதுகிறவர்கள் யுரேனியம் கதையைப் படித்திருந்தால் நல்லது.

ஸ்விட்ச் என்ன ஆனது? 2022-இல் பேசினார்கள். 2024-இல் பேசினார்கள், மே கடைசியில் ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். 2025 நவம்பரில் ஆடம்ஸே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஸ்விட்சைப் போடுவோம், வாசல் வசூலை நிறுத்துவோம், சேரும் பணத்தை எடுக்க வேண்டுமானால் யூனியை எரித்தால்தான் எடுக்கலாம், இத்தனை வருடம் விட்டதற்கு ஈடாக 10 கோடி யூனியையும் எரிப்போம் என்று. டிசம்பர் கடைசியில் ஓட்டெடுப்பு ஏறக்குறைய ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாம் பதிப்பில் பூஜ்யமாக இருந்த முகவரியில் ஒரு உண்மையான முகவரி ஏறியது. 2020 மே மாதம் எழுதி ஏற்றிய அந்த ஆறில் ஒரு பங்குக் கணக்கு, ஐந்தரை வருடம் சும்மா கிடந்த பிறகு, ஒரு எழுத்துகூட மாறாமல் ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு முந்தைய லாபத்தை அது தொடவில்லை.

முதல் பதிப்புக்கு இந்தத் தீர்மானம் செல்லாது, அதில் ஸ்விட்சே கிடையாது. 2018-இல் ஏற்றிய அந்தக் கோட் எதீரியத்தில் அப்படியேதான் இருக்கிறது. மீதமிருக்கும் சில குளங்களில் யாராவது எதையாவது மாற்றினால், இன்றைக்கும் 997-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்து, மூன்றையும் முழுசாகப் பணம் போட்டவர்களுக்கே விட்டுவிடும்.